நோர்வூட் தாண்டி ஆறு நிமிடம்

காலை 9.20, ஹட்டன். மஸ்கெலியா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிக்கெட் நூற்றிருபது ரூபாய். தூரம் இருபது கிலோமீட்டர்தான் இருக்கும். வளைவுகளால் ஒரு மணி நேரம் ஆகும் என்றார் நடத்துநர். நான் மணப்பாறைக்காரி, வேலை பெங்களூரில். பஸ் முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் கடல் தாண்டி வந்ததே மறந்துபோனது.

பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் புஷ்பம் அக்கா, அவருக்கு அந்தப் பக்கம் மகள் நிரோஷா. மகள் சிங்களத்தில் ஏதோ கேட்க, தாய் பதில் சொல்ல, பரீட்சைக்குப் படிப்பது போல முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பிறர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேட்டேவிட்டேன்.

நிரோஷாவுக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. கூட வேலை செய்யும் சிங்களத் தோழி ஓர் அறை பிடித்து, இவளையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். வீட்டுக்காரம்மாவோ முதலில் தாயோடு பேச வேண்டும் என்கிறாராம், பத்து மணிக்கு. அதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்றிருந்தவர்களை முந்தைய பஸ் வராமல் ஏமாற்றிவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடங்களில் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் அறை இல்லை என்றுவிட்டார்கள். நிரோஷா என்ற பெயர் தமிழர், சிங்களவர் இரண்டு பக்கமும் உண்டு. அதனால் இந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதுவும் கைநழுவினால் வேலையை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

"நம்ம பேச்சு ஒரு வார்த்த காதுல விழுந்தா முடிஞ்சிச்சுங்க," என்றாள் நிரோஷா.

அக்கா சிறுவயதில் கண்டியில் ஒரு சிங்கள வீட்டில் ஒன்பது வருஷம் வேலைக்கு நின்றவர். அவருடைய சிங்களத்தில் தமிழ் வாடையே இருக்காதாம். நேரில் பார்த்தால் பொட்டும் மூக்குத்தியும்தான் தமிழ் என்று காட்டிக்கொடுக்குமாம்.

9.50. நோர்வூட்டைத் தாண்டியதும், பத்து நிமிடம் முன்னதாகவே போன் அடித்தது. பஸ்ஸிலோ தமிழ்ப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நிரோஷா எழுந்தாள். "அண்ணே, பாட்ட நிப்பாட்டுங்க. கொழும்புல ரூமுக்காரம்மா."

நடத்துநர் சிங்களவர். அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். முன்னால் கதை பேசிக்கொண்டிருந்த பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அலுவலகத்தில் அம்மா போன் செய்தால், எங்கள் ஊர்ப் பேச்சு யார் காதிலும் விழக்கூடாதென்று மாடிப்படிக்கு ஓடுகிறவள் நான்.

புஷ்பம் அக்கா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விரலில் ஒட்டிக்கொண்டு போனை வாங்கினார். போனில் பொட்டு தெரியாது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு நிமிடம் பேசினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பின்னால் சிணுங்கிய குழந்தையை அதன் தாய் வாய் திறக்காமலே தட்டிக்கொடுத்தாள். குனிந்து நின்ற நிரோஷா கம்பியோடு சேர்த்து என் துப்பட்டாவையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசியில் அக்கா சிரித்தார், இன்னும் ஏதோ சொன்னார், போனை மகளிடம் கொடுத்துத் தலையாட்டினார். அறை கிடைத்துவிட்டது. பாட்டு மறுபடி ஓடியது.

10.25, மஸ்கெலியா. தோழிக்குச் சேதி சொல்ல நிரோஷா போனும் கையுமாக முன்னால் ஓடினாள். அக்கா பொட்டைத் திரும்ப ஒட்டிக்கொண்டார். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. நன்றாகத்தானே பேசினீர்கள் என்றேன்.

"நல்லாத்தான் பேசிட்டேன். அந்தம்மாவுக்கு என்னய ரொம்பப் புடிச்சுப்போச்சு. மகளக் கொண்டாந்து விட நீங்களே வாங்க, ஒண்ணா சாப்புடலாம்னு கூப்புடுது."

போய்விட்டு வரலாமே என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"பொட்ட எடுத்துறலாம். மூக்குத்தியவும் கழட்டிறலாம்," என்றார். "ஓட்டைய என்னா பண்றதுங்க?"

மகளுடைய பையையும் தூக்கிக்கொண்டு அவர் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் நடந்தார். என் அம்மா பெங்களூருக்குக் கடைசியாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் இடம் போதாது என்று சொன்னது நான்தான். என் வீட்டில் இரண்டு படுக்கையறை.