தனுசு என்றால் வில்

2006 நவம்பர், ஒரு ஞாயிறு. காலை ஏழரைக்கு டொரொன்டோவில் பஸ் ஏறினேன். மொன்றியலுக்கு ஏறக்குறைய 540 கிலோமீற்றர். நான் போனது ஊர் பார்க்க அல்ல, நான் சொன்ன ஒரு சொல்லுக்குப் பொறுப்புச் சொல்ல.

மன்னார் அந்தோனி அண்ணை முன்பு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இப்போது மொன்றியலில் வில்லரேப் பகுதியில் இருக்கிறார். பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றைப் புதுப்பிக்கும் இடத்தில் பெயின்ற் வேலை. அங்கே சுவரில் பன்னிரண்டு ராசிகளின் படங்கள். கூரை ஒழுகியதில் ஒன்று முற்றாக அழிந்துவிட்டது. அதில் பிரெஞ்சில் "சஜிற்ரேர்" என்கிற ராசியை வரையும்படி முதலாளி சொல்லியிருக்கிறார். அண்ணை வேதக்காரர், கிறிஸ்தவர்; ராசியை எங்கே கண்டார்? எனக்குப் போன் எடுத்தார். "அது தனுசு. தனுசு எண்டா வில்லுத்தான்" என்றேன், பெரிய சாத்திரி மாதிரி. அவரும் வெறும் வில்லை வரைந்து முடித்துவிட்டார்.

பேந்து இன்னொரு போன். "வில்லு பிழைச்சுப்போச்சு, தங்கச்சி. பாதி மனுசன் பாதி குதிரை வரோணுமெண்டு முதலாளி கத்துறார். ஞாயிறு பின்னேரம் கோயில்காரர் வந்து பாப்பினம். அவையும் வேண்டாமெண்டால் என்ரை வேலை போச்சு."

மெட்ரோவில் லோரியே நிலையத்தில் இறங்கி நடந்தேன். டிக்கெட் இரண்டரை டொலர். தொழுகைக்கூட வாசலில் நின்ற அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன்.

"அது கிடக்கட்டும். இங்கை ஆம்பிளையள் தலையை மூடினாச் சரி."

வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் வீடு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து தையல் ஆலைகளில் உழைத்தவர்கள் வாங்கித் தொழுகைக்கூடமாக்கியதாம். பிள்ளைகள் வசதி வந்து நகரின் மேற்கே போய்விட, கூட்டம் குறைந்து கூரையும் ஒழுகியது. இப்போது கூரை புதிது, உட்காரும் மர வாங்குகள் பளபளக்கின்றன. எனக்கோ எதிலும் கண் நிற்கவில்லை, அந்த வில்லைத் தவிர.

நிர்வாகத்துப் பெரியவர் வந்து வில்லை நெடுநேரம் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, சொல் என்னுடையது, அண்ணையில் குற்றமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யார் குற்றம் சொன்னது? எபிரேயத்தில் இந்த ராசிக்குப் பெயர் கேஷெத். வில் என்றுதான் பொருள். இந்தச் சுவரில் மனித உருவமே கிடையாது. கன்னி ராசியைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். ஒரு கை மட்டும் பூவைப் பிடித்திருந்தது. இத்தனை நாளும் அதன் கீழே நின்றுதான் அண்ணை பெயின்ற் கலக்கியிருக்கிறார். மனிதர் என் வயிற்றில் பால் வார்த்தார். அங்கேயே வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு முன் ஒரு கோப்பிக் கடைக்குப் போனோம். அண்ணை மனைவிக்குப் போன் எடுத்தார்.

"மேரி, வில்லு பிழைச்சிட்டுது."

மறுமுனையில் மேரி அக்கா குழறி அழுதது எனக்கே கேட்டது. எபிரேயத்தில் தப்பிய வில் தமிழில் விழப் பார்த்தது.

"ஐயோ, பிழையெண்டு சொல்லேல்லையப்பா, தப்பிப் பிழைச்சிட்டுது. வில்லு சுவரிலைதான் நிக்குது. நானும் வேலையிலைதான் நிக்கிறன்."