ஒன்பதாம் நாளுக்கு வழியில்லை

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து, ஆலங்குடி வீட்டில் ராத்தங்க ஒருநாள் நான், மறுநாள் அண்ணன் என்று வைத்துக்கொண்டோம். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். அண்ணனுக்குக் கீரமங்கலத்தில் பூக்கடை. நான் அன்னவாசலில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு, புதுக்கோட்டையில் பஸ் மாறி, ஆலங்குடியில் இறங்கும்போது கால் இரண்டும் என்னுடையதாகவே இருக்காது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கஞ்சி ஊட்டப் போனால் அம்மா வாயைத் திறக்கவில்லை.

"இன்னைக்கு ஒன் மொறையா? நான் என்ன கம்மாத் தண்ணியா, மொறவச்சுப் பாய்ச்ச? ஆசப்பட்டு வந்தா வாங்க, இல்லாட்டி விட்டுருங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. முறை வைக்காமல் நடக்கிற காரியமா இது? ஆனாலும் அவள் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் உறைத்தது.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ஒரு பரீட்சைத்தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். முறையும் இருக்கவேண்டும், அது அம்மாவுக்குத் தெரியவும் கூடாது. ஒருவருடைய நாட்களில் எந்த மூன்றும் சம இடைவெளியில் வந்துவிடக் கூடாது. வந்தால் கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு 1, 3, 6, 8. அண்ணனுக்கு 2, 4, 5, 7. எட்டு நாள் சரியாக வந்தது. ஒன்பதில் இடித்தது. நான் போனால் 3, 6, 9. அண்ணன் போனால் 5, 7, 9. அழித்து அழித்துப் போட்டாலும் ஒன்பதாம் நாள் யாராவது ஒருவர் மாட்டத்தான் வேண்டும். கல்லூரியில் இதை நிரூபித்து மார்க் வாங்கியவள்தான் நான். சனியன், அப்போது இனித்தது.

"ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?" என்றார் அண்ணன் போனில். பிறகு, "சரி, ஒம்பதாம் நாளு?"

"ரெண்டு பேரும் போவோம்ணே. அது யாரு மொறையும் இல்ல."

எட்டு நாளும் அம்மா முறையைப் பற்றிப் பேசவில்லை. ஆறாம் நாள், "நீ வருவேன்னு நெனைக்கவே இல்ல" என்று சிரித்துவிட்டுக் கஞ்சியை முழுக்கக் குடித்தாள். எனக்குப் பாதி அசதி போய்விட்டது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அண்ணன் மல்லிகைப் பூவோடும் நான் இடியாப்பத்தோடும் ஒன்றாக உள்ளே போனோம். அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு பேரும் சேந்து வந்துட்டீங்களே. டாக்டரு என்ன சொன்னாரு? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒண்ணும் சொல்லலம்மா. சும்மா பாக்கணும்னு தோணுச்சு, வந்தோம்" என்றார் அண்ணன்.

"சும்மா எதுக்குடா வரப்போறீங்க?"

ஸ்கேன் படத்தைக் காட்டினோம், தலையில் அடித்துச் சத்தியம் செய்தோம். நம்பவில்லை. இடியாப்பத்தைத் தொடவும் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பழையபடி ஒருநாள் விட்டு ஒருநாளே வாங்கத்தா. நாளைக்கு யாரு மொற, அத மட்டும் சொல்லிருங்க."