பாண்டியம்மாள் கேட்ட பத்தியம்

பாட்டிலில் மிக்சரை ஊற்றி, அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டத் தெரிந்தவன் கம்பவுண்டர் ஆகிவிடலாம். மேகநோய்க்காரரின் வாயைத் திறக்கவைக்கத்தான் தனிப் பொறுமை வேண்டும். மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிய என் இனத்தாரே, உங்களுக்கு இது தெரியாததல்ல. கண்டிப் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய நான், திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் சேர்ந்தேன். அங்கே வந்த ஒரு லாரி டிரைவரையும் அவர் மனைவியையும் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வராத சிநேகிதன்

முத்தையா ஒட்டன்சத்திரம் மண்டியிலிருந்து மலையாளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகிறவர். டாக்டர் அறைக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார். சிநேகிதன் ஒருவனுக்கு உள்ளங்கையெல்லாம் செம்புள்ளியாகத் தடித்திருக்கிறது, அரிப்பே இல்லை, என்ன மருந்து என்று கேட்டார். கேட்கும்போது தம் இரண்டு கைகளையும் வேட்டி மடிப்புக்குள் ஒளித்திருந்தார். ஆளைப் பார்க்காமல் டாக்டர் மருந்து தரமாட்டார், சிநேகிதனைக் கூட்டிவாருங்கள் என்றேன். தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கவுண்டர்மேல் குனிந்தார்.

"அவன் ரொம்பக் கூச்சக்காரன்ணே, வரமாட்டான். அவனுக்குப் போடுற ஊசிய எனக்கே போட்டு விட்டுருங்க."

இஞ்சின் சூடு

அவரையே உள்ளே அனுப்பினேன். டாக்டர் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன் மறைவிடத்தில் ஒரு புண். வலி கிடையாது. நம் பக்கத்து டிரைவர்கள் இதற்குச் சொல்லும் காரணம் இஞ்சின் சூடு. முத்தையாவும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, ஊறவைத்த வெந்தயத்தை விழுங்கியிருக்கிறார். புண் ஆறிவிட்டது. எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். கிரந்தி என்கிற மேகநோயின் புண் எண்ணெய் தேய்த்தாலும் ஆறும், தேய்க்காவிட்டாலும் ஆறும். கிருமி ரத்தத்தில் தங்கிவிடும். கொஞ்ச நாளில் தோலில் தடிப்பாக வரும், பல வருஷம் கழித்து மூளையிலோ இதயத்திலோ கை வைக்கும்.

வழியில் வேறு பெண்களிடம் போனதுண்டா என்று டாக்டர் கேட்டார். தலை தொங்கிப்போயிற்று. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினோம். சந்தேகம் உறுதியானது, பெனிசிலின் தொடங்கினார். ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டே முத்தையா கேட்டார்:

"அப்ப அந்தப் புண்ணு தானாத்தான் போச்சா? எங்க லாரி செட்டுல அம்புட்டுப் பேருக்கும் வெந்தயத்தச் சொல்லி வச்சிருக்கேனே!"

ஒரே பத்தியம்

பத்தியம் சொல்லாத மருந்தை நம் ஊரில் மருந்தாகவே மதிப்பதில்லை. முத்தையாவும் கேட்டார். "கருவாடு, புளி எல்லாம் தின்னு. உன் சம்சாரத்துக்கும் ரத்தம் பார்த்து, ரெண்டு பேருக்கும் வைத்தியம் முடிஞ்சு நான் சொல்றவரைக்கும் தனியாப் படு. அதுதான் பத்தியம்" என்றார் டாக்டர்.

அப்போதுதான் தெரிந்தது, மனைவி பாண்டியம்மாள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றியபின் தங்கிய பிள்ளை. டாக்டர் முகம் மாறிவிட்டது. தாய்க்கு ஒட்டியிருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் இறங்கும், செத்துப் பிறக்கவும் கூடும். இப்போதே ஊசி போட்டால் அநேகமாகக் காப்பாற்றிவிடலாம் என்றார். ஏழாம் மாதம் வளையல் போட்டுக் கன்னிவாடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குமுன் அவள் வந்தாக வேண்டும். முத்தையா அழுதாரே தவிர, அசையவில்லை.

"உப்ப விடச் சொல்லுங்க, விட்டுர்றேன். அவகிட்ட என்னத்தச் சொல்லிக் கூட்டியாருவேன் டாக்டரு?"

தனித் தட்டு

கூட்டிவர வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒரு நாள் காலையில் பாண்டியம்மாளே கவுண்டர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு என்ன பத்தியம் சொன்னீக? கருவாடு திங்கிறாரு, புளிக்கொழம்பு ஊத்தித் திங்கிறாரு. தட்ட மட்டும் தனியா வச்சுக் கழுவுறாரு, லாரியில போயிப் படுத்துக்கிறாரு. இது எந்த ஊருப் பத்தியம்?"

ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது, பெண்டாட்டியே ஆனாலும். அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் செட்டுக்கு ஆள் அனுப்பி முத்தையாவை வரவழைத்து, "நீயே சொல்லு, நான் பக்கத்தில இருக்கேன்" என்றார். முத்தையா தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். தட்டில் ஒட்டுகிற நோயல்ல, படுக்கையில் ஒட்டுவது, ரப்பர் உறை போட்டால் தடுக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். பாண்டியம்மாள் பிள்ளையைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். ரத்தம் எடுக்கும்போது முத்தையா மெல்ல, "வெளிய சொல்லிறாத புள்ள, பொம்பளச் சீக்குன்னு எங்காத்தா உன்னையத்தான் ஏசும்" என்றார். அதுவரை 'அவரு' என்றவள் திரும்பினாள்.

"நீ கொண்டாந்த சீக்குக்குப் பொம்பளச் சீக்குன்னு எந்த ஆம்பளய்யா பேரு வச்சான்?"

வண்டி கிளம்பும் நாள்

அவளுக்கும் ஒட்டித்தான் இருந்தது. ஒரு ஊசிகூடத் தவறவில்லை. வளையல் போட்டபின்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கன்னிவாடி பஸ்ஸில் வந்து போனாள். பெண் குழந்தை. டாக்டர் அதன் ரத்தத்தையும் பார்த்தார், சில மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார். பழுதில்லை என்று அவர் சொன்ன அன்று முத்தையா வாசல்படியிலேயே நின்று பழனி முருகன்மேல் சத்தியம் பண்ணினார்.

வைத்தியம் முடிந்து, வண்டி மீண்டும் மலையாளத்துக்குக் கிளம்பும் நாளில் பாண்டியம்மாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து, டாக்டர் அன்று சொன்ன ரப்பர் உறை வேண்டும் என்றாள். கவுண்டரில் நின்றவர்களெல்லாம் சட்டென்று கூரையைப் பார்த்தார்கள். நான் பொட்டலம் கட்டத் தொடங்கினேன். இனிமேல் தப்பு நடக்காது என்று அவர்தான் பழனி முருகன்மேல் சத்தியம் பண்ணினாரே என்று முணுமுணுத்தேன்.

"எலுமிச்சம்பழத்துமேல ஏத்தித்தாண்ணே வண்டிய எடுக்கிறாரு. அதுக்காகப் பிரேக்கக் கழட்டி வச்சிட்டாப் போறாரு?"

பெனிசிலினைக் கெடாமல் ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பதுதான் பெரிய வித்தை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொள்ளப் புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.