அக்காவின் பசுவும் ஓர் ஆங்கிலேய மண்டோரும்

ஐம்பது வயதில் இடைக்கால இங்கிலாந்து வரலாறு படிக்கப் போகிறேன் என்றதும் ஆபிசில் சிரித்தார்கள். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில் சொல்வதை மலாயிலும் மலாயில் கேட்பதைத் தமிழிலும் மாற்றிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவள். "ரிட்டையர் ஆகப்போற நேரத்துல வெள்ளைக்காரன் கதை எதுக்கு அக்கா? கேக் கிளாஸ் போலாம்லா" என்றாள் பக்கத்து மேசைக்காரி. அவளுக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அது எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவுதான்.

சனிக்கிழமை காலையில் கிள்ளானில் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோசையைத் தின்றுவிட்டு வகுப்புக்குப் போவேன். ராஜாக்களும் போர்களும் எனக்கு ஒட்டவில்லை. ஒட்டியது பண்ணை நீதிமன்றப் பதிவுகள்தான். அந்தக் காலத்தில் பிரபுவின் பண்ணைக்கென்றே ஒரு சின்ன நீதிமன்றம் கூடும். இன்னார் மாடு பிரபுவின் கோதுமையில் மேய்ந்தது, அபராதம். இன்னார் பிரபுவின் காட்டில் விறகு பொறுக்கினார், அபராதம். இன்னார் மகள் அனுமதி வாங்காமல் கல்யாணம் செய்துகொண்டாள், அதற்கும் அபராதம். லத்தீனில் இருந்ததை யாரோ ஆங்கிலமாக்கியிருந்தார்கள். படிக்கப் படிக்க, திங்கட்கிழமை காலையில் எங்கள் கோர்ட் வாசலில் காத்திருக்கும் முகங்கள்தான் எனக்குத் தெரிந்தன.

பிரபுவின் நிலத்தில் ஆள் வைத்து வேலை வாங்க, ஊராரிலேயே ஒருவனைப் பொறுப்பாக வைப்பார்கள். அவனுக்கு 'ரீவ்' என்று பெயர். மாடு மேய்ந்தாலும் வேலி உடைந்தாலும் பிரபுவின் ஆட்களிடம் அவன்தான் சொல்ல வேண்டும். பேராசிரியர் இதை அரை மணி நேரம் விளக்கினார். நான் நோட்டில் 'மண்டோர்' என்று ஒரே வார்த்தையில் எழுதிக்கொண்டேன்.

என் அப்பா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். எழுபத்தெட்டு வயதாகிறது, என்னோடு கிள்ளானில் இருக்கிறார். அவருக்கு ஒரே ஓர் அக்கா. அந்த அத்தை ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். இப்போது கிள்ளானில் ஏறினால் ரயில் மாறாமலேயே ரவாங்கில் இறங்கலாம். ஆனால் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு மாடு. தோட்டத்து மேனேஜரான துரையிடம் அப்பா அத்தையின் பசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டார், தோட்ட ஆபிசிலிருந்து லோரி வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாமா இறந்த பிறகு அந்தப் பால்தான் அத்தைக்கு ஆதாரமாக இருந்தது. சில வருடம் கழித்து அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமனாக நிற்க வேண்டியவர் அப்பா. அன்றைக்கு விடிந்ததும் குளித்து, பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, கடைசி நேரத்திலாவது யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. மாமன் முறைக்கு வேறு யாரையோ நிற்க வைத்துக் கல்யாணம் முடிந்தது. சாயங்காலம் அவர் வேட்டியை மடித்து வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் என்று தோன்றியது, செய்த வேலைக்கு இது வேண்டும் என்றும் தோன்றியது.

போன வருடம் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரிடம், "அத்தைக்குச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒருவர் சாவுக்குத்தான் மற்றவர் வருவார் போலிருக்கிறதே என்று அன்றைக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் இவர்கள் ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்பதே என் கவலையாகிப் போனது. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பண்ணையின் பதிவுகளில் ஒரு ரீவ் அகப்பட்டான். ஊரார் மாடுகள் பிரபுவின் பயிரில் மேய்ந்ததை மறைத்தான் என்று இரண்டு முறை அவனுக்கே அபராதம் போட்டிருந்தார்கள். மூன்றாம் முறை அவன் ஒரே ஒரு மாட்டைச் சொன்னான். அது கணவனை இழந்த அவனுடைய சகோதரியின் பசு. நான் தயங்காமல் 'குடும்பப் பகை காரணமாக இருக்கலாம்' என்று எழுதினேன். ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியரும் நியாயமான ஊகம் என்று குறிப்பு எழுதியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். ரீவின் பெயர் மட்டும் வாயில் நுழையாது, 'நம்ம மண்டோர்' என்றே சொல்வார். காட்டிக்கொடுத்த கதையைக் கேட்டால் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று கொஞ்சம் விஷமத்தோடுதான் ஆரம்பித்தேன். சொல்லி முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"பகைன்னு யாரு சொன்னா?"

"நான்தான் எழுதியிருக்கேன்."

"அழிச்சிரு." மடித்த பத்திரிகையை ஓரமாகத் தள்ளினார். "அது அவனுக்கு அக்காவா, தங்கச்சியா?"

"தெரியலப்பா. அதுல அவ்வளவுதான் இருக்கு."

"அக்காவாத்தான் இருக்கும்" என்றார்.

பிறகு தானாகவே சொன்னார். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ஒன்பது மாடுகள் இருந்தன. எல்லாமே புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளைக் கடித்தன. காட்டுப் பன்றி, காட்டுப் பன்றி என்று இரண்டு வருடம் அப்பா துரையிடம் பொய் சொல்லிச் சமாளித்தார். ஒரு நாள் துரை, ஒரு பெயரைச் சொல், இல்லாவிட்டால் எல்லா மாட்டையும் லோரியில் ஏற்றிவிடுவேன் என்றான்.

"அடுத்தவன் மாட்ட எப்படிம்மா சொல்றது? அவன் பிள்ளைங்க என் மூஞ்சில முழிப்பாங்களா? அக்கான்னா திட்டும். நாலு நாள் பேசாம இருக்கும். அப்புறம் கூப்பிட்டுச் சோறு போடும்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொம்பள அப்புறம் அவன்கிட்ட பேசுச்சா?"

"அதுல எழுதலப்பா."

"கோர்ட்ல அதெல்லாம் எழுத மாட்டாங்க" என்றார். இருபத்தைந்து வருடம் கோர்ட்டில் இருக்கிற எனக்கும் அது தெரியும்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இத அத்தைகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா அது லயத்துல போயி மத்த எட்டுப் பேர்கிட்டயும் சண்டை போட்டிருக்கும். தொரை காதுக்குப் போயிரும்."

"இப்ப தொரையும் இல்ல, தோட்டமும் இல்லப்பா. வீடு கட்டி வித்தாச்சு. யாரு காதுக்குப் போகப்போவுது?" அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அவரை ரவாங்குக்குக் கூட்டிப்போவதென்று அங்கேயே முடிவு செய்தேன்.

ரவாங்கில் கதவைத் திறந்தது, கல்யாணத்துக்கு அப்பா நிற்காமல் போன அதே அத்தை மகள். "மாமா" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். உள்ளே நாற்காலியில் அத்தை மெலிந்து, கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். அப்பா உட்காரவில்லை. சாட்சி சொல்வதைப்போல நின்றுகொண்டே சொன்னார்.

"தொரை ஒரு பேரு கேட்டான். சொல்லலன்னா ஒம்போது மாடும் போயிருக்கும். நான் உன் பேரச் சொன்னேன்."

"தெரியும்" என்றார் அத்தை. "ஆபிஸ் கிராணி சம்சாரம் அன்னிக்கே சொல்லிருச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா அத்தை இத்தனை வருஷம்?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். "லோரி வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுலதான உக்காந்திருந்த? அந்தப் பசுவோட பால்ல டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டுப் பேசாம எந்திரிச்சுப் போயிட்ட. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவுத்துக் கொண்டுபோயி ஆபிஸ் வாசல்ல கட்டியிருப்பேன்டா. மாடு போனதுக்கா நான் பேசாம இருந்தேன்?"

சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு பேரும் முப்பத்தைந்து வருடத்தை வீணாக்கினார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை தன் மகளைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு டீ போடு. சீனி கம்மியா" என்றார்.

டீ வந்தது. அப்பா கோப்பையைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

"குடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன்க்கா" என்றார். "மன்னிச்சிரு."

அத்தை தலையசைத்த பிறகுதான் குடித்தார்.