அமிர்தநாதன் கழுவாத கல்

கருங்கல்லைக் குழாயடியில் காட்டித் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருக்கிறார் அமிர்தநாதன். அடுத்து மணற்கல், அப்புறம் சுண்ணாம்புக்கல். கோவையில் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். மாணவர்கள் அனற்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று பிரிப்பார்கள். இவருக்கு இரண்டே இனம்தான்: குளித்தது, குளிக்காதது.

ஒரு கல்லுக்கு மட்டும் தண்ணீரே கிடையாது. கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, காய்ந்த துணியால் தொட்டும் தொடாமலும் ஒற்றுவார். "இவரு குளிக்காட்டிப் பரவால்லீங்க" என்பார்.

பஞ்சாலையில் தூசி தின்று தின்று, தூசியைக் கண்டாலே ஆகாது மனுஷனுக்கு. ஆலை மூடி வீட்டில் உட்கார்ந்துவிட்டவரைத் தன் பொறுப்பில் இங்கே சேர்த்துவிட்டவர் பேராசிரியை ரங்கநாயகி. அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது? கற்கள் மேல் வைத்தார். சேர்ந்த வருஷமே, செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் காலை, எல்லாக் கற்களையும் ஒரே வாளியில் ஊறப்போட்டார். சாயங்காலம் எடுத்தால் ஒன்று குறைகிறது. அடிவரை துழாவினார். சந்தேகப்பட்டு விரலை நாக்கில் வைத்தார். அடக் கடவுளே, உப்பு!

"அம்மா, கல்லு கரஞ்சுபோச்சுங்க. என்னை அனுப்பிப்போட்டாலும் சரிங்க. நாளைக்குப் பரீச்சை வெக்க வர்ற வெளியூர்க்காரங்க முன்னால உங்களுக்குக் கெட்ட பேரு வந்தரக் கூடாதுங்க."

ரங்கநாயகி தலையில் கைவைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உப்புக் கல்லைக் குளிப்பாட்டுன மொத ஆளு நீங்கதானுங்க. இந்துப்பு எங்கியாச்சும் கட்டியாக் கெடைக்குதான்னு பாருங்க."

உக்கடத்து நாட்டு மருந்துக் கடையில் மூட்டை நிறைய இந்துப்பு இருந்தது, எல்லாம் நொறுங்கல். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் ரசாக் இவர் முகத்தைப் பார்த்தார். கல்லாப் பக்கம் கண்ணாடியாட்டம் ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்து நீட்டினார்.

"எங்க அத்தா வெச்சுட்டுப் போனதுங்க. இங்க சும்மாதான் உக்காந்திருக்குது. பரீச்சைக்குப் போய்ட்டு வரட்டும்."

அமிர்தநாதன் கடை வாசலிலேயே அழுதுவிட்டார். மறுநாள் ஒரு மாணவன் அந்தக் கல்லை நாக்கில் வைத்து "உப்பு" என்றதும்தான் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ரசாக் வாங்கவில்லை. "படிக்கிற புள்ளைங்களுக்கு ஆகட்டுமுங்க" என்றுவிட்டார். அன்று முதல் வருஷா வருஷம், தேர்வு முடிந்ததும் ரங்கநாயகியிடம் கேட்டுக்கொண்டு, கல்லை மஞ்சள் பையில் வைத்து உக்கடம் கொண்டுபோகிறார்.

"பாய், இந்த வருஷமும் பாஸுங்க!"

ரசாக் அதைப் பழைய இடத்தில் வைத்துப் பார்ப்பார். இருவரும் டீ குடிக்கும்வரை அது அங்கே இருக்கும்.

"எளைச்சுப்போச்சுங்களே, ஒழுங்காச் சோறு போடறதில்லீங்களா?" என்று கேலி செய்து திருப்பிக் கொடுப்பார்.

இந்த வருஷம் திரும்பும் வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கடை ஓரங்களில் ஒதுங்கினார்கள். அமிர்தநாதன் பையை நெஞ்சோடு அணைத்து, குடையை முழுக்க அதன் மேல் சாய்த்துக்கொண்டு, முதுகு சொட்டச் சொட்ட நடந்து போனார்.