அன்வர் பாயின் கிருத்திகைக் கணக்கு

மணவூரில் வண்டி நிற்கும்போது என் இடத்தில் ஒரு கறுப்புப் பை உட்கார்ந்திருக்கும். திருத்தணியில் ஏறும் அன்வர் பாய் ஜன்னலோர இருக்கையில் அதை வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு வருவார். அரக்கோணத்தில் ஏறும் கூட்டம் அந்தப் பையை எத்தனையோ விதமாக முறைத்துப் பார்க்கும். அவர் நிமிர மாட்டார். நான் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "வாம்மா மணவூரு" என்பார். அவர் வாயில் எனக்கு அதுதான் பெயர்.

அன்று பை இல்லை. அந்த இருக்கையில் ஒரு கைக்குட்டை கிடந்தது. எதிரே முனிரத்தினம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவரும் திருத்தணியில் ஏறி தினமும் எங்களோடு வருகிறவர்.

"உக்காரும்மா," என்றார். "பாய் பூட்டாரு."

"எந்த பாய்?" என்று கேட்டேன். எனக்கு என்னவோ ஊரில் நூறு பாய்களைத் தெரியும் என்பதுபோல.

"நம்ம பாய்தான். நேத்து சாயங்காலம் அவுங்க அண்ணன் மெக்கானிக் ஷெட்டாண்ட நின்னு பேசிக்கினு இருந்தாரு. மாரு வலிக்குதுன்னு உக்காந்தவரு ஏந்திரிக்கல. நான் மூஞ்சிய பாத்துட்டுதான் வண்டி ஏறனேன். காலையிலயே எடுக்கறாங்களாம்."

அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் உட்காரவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்த் திசையில் வந்த வண்டியைப் பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது பாயை எடுத்துப் போயிருந்தார்கள். வாசலில் செருப்புகள் மட்டும் நிறையக் கிடந்தன. உள்ளே அவர் மனைவி ரஹமத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

பாயைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ரயிலில் தெரிந்தவர்களுக்கு அவர் வேலை தெரியாது, வேலையில் தெரிந்தவர்களுக்கு அவர் ரயில் தெரியாது. ஆகவே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் ஒரே அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பெர்ல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதினோம். அந்த மொழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தாங்கள் செய்த கருவிகளை மாட்யூல் என்ற பெயரில் பொதுவில் வைத்துவிடுவார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், கேள்வி கிடையாது. ஆயிரக்கணக்கில் கிடக்கும் அந்த மாட்யூல்களில் பாய்க்கு அபிப்பிராயம் இல்லாத ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மெக்கானிக் குடும்பத்துப் பிள்ளை. பழைய வண்டி வாங்க வருகிறவன் கேட்கும் கேள்விகளைத்தான் மாட்யூல்களிடமும் கேட்பார். யார் ஓட்டியது, எத்தனை நாளாக நிற்கிறது, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்கள். விளக்கக் குறிப்பைப் படிப்பதற்கு முன், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எழுதி வைத்திருக்கும் சோதனைகளைத் திறந்து பார்ப்பார். "கொறை சொன்னவனுக்கு ஓனரு இன்னா பதில் சொல்லிகிறான்னு பாரு. அதுலயே தெரிஞ்சிடும்" என்பார். டி.பி.ஐ. என்ற தரவுத்தள மாட்யூலைப் பற்றி யாரும் அவர் முன்னால் குறை சொல்ல முடியாது. "அது சோத்துல உப்பு. இருக்கறப்போ தெரியாது." மூஸ் என்ற ஒன்றை நிறுவினால் அதன் பின்னாலேயே வேறு பல மாட்யூல்களும் வந்து இறங்கும். அதற்கு அவர் சொன்னது: "பொண்ணு நல்ல பொண்ணுதான். கூட வர்ற சொந்தக்காரங்கதான் ஜாஸ்தி." ட்ரை டைனி என்று ஒரு குட்டி மாட்யூல், தவறு நேர்ந்தால் பிடித்துக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அதன் மேல் அவருக்குத் தனிப் பாசம். "சொன்ன வேலய செஞ்சிட்டு வாய மூடிகினு கீது பாரு. நம்ம ஆபீஸ்ல அப்படி ஒருத்தரக் காட்டு."

நான் உட்பட என்றுதான் அதற்கு அர்த்தம். பாய் அப்படிப்பட்டவர்.

பெர்ல் செத்துப்போன மொழி என்று அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்வார்கள். பாய் கோபப்பட மாட்டார். "அப்படியா? எப்போ எடுக்கறாங்கன்னு சொல்லி அனுப்பு, வர்றேன்" என்பார். அறையே சிரிக்கும்.

ஒருமுறை, பெயர், விலாசம், போன் எண் என்று கமாவால் பிரித்த வாடிக்கையாளர் பட்டியலைப் படிக்கும் நிரல் ஒன்றை அவசரமாக எழுத வேண்டியிருந்தது. கமா வரும் இடத்தில் எல்லாம் வெட்டினால் போதும், இரண்டே வரி, அதற்குப் போய் ஒரு மாட்யூல் எதற்கு என்றார் எங்கள் மேலாளர். பாய் ஒரு வெள்ளைத்தாளை அவரிடம் நீட்டி, "சார், உங்க வூட்டு அட்ரஸ எழுதுங்க" என்றார். மேலாளர் கதவு எண்ணுக்குப் பின் ஒரு கமா, தெருவுக்குப் பின் ஒரு கமா என்று எழுதிக்கொண்டே போனவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டார். "நம்ம ஊர்ல கமா போடாம வெலாசம் எழுதுவாங்களா சார்? இந்த வலியெல்லாம் ஏற்கெனவே ஒருத்தன் பட்டுட்டான். அவன் பட்டத எடுத்துக்கலாமே." மேலாளர் சிரித்துவிட்டார். அன்று மாலையே அந்த மாட்யூல் ஏறியது.

பாயும் ஒரே ஒரு மாட்யூல் எழுதிப் பொதுவில் வைத்தார். எந்த மாதம் எந்த நாளில் கிருத்திகை வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மாட்யூல். ஒரு முஸ்லிம் ஏன் கிருத்திகையைக் கணக்குப் போட வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். திருத்தணிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். கிருத்திகை என்றால் மலைக்கு வண்டி ஏறும். வண்டி ஏறினால் சிலது சூடாகி நிற்கும். நின்றால் பாயின் அண்ணன் ஷெட்டுக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த நாளில் லீவு போட்டு அண்ணனுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். லீவை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கணக்கு.

அதை நம்பி ஒரு கிருத்திகைக்கு நான் அம்மாவை மலைக்கு அழைத்துப் போனேன். மலையில் கூட்டமே இல்லை. அம்மா சன்னதியில் ஆற அமர நின்று கும்பிட்டாள். கீழே வந்தால் பாய் ஷெட் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய பள்ளிக்கூடத் தோழர் சீனு, மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டிருந்தார்.

"கணக்கெல்லாம் கரெக்டுதான் பாவா. நட்சத்திரம் ரெண்டு நாள்லயும் கீதுல்ல. மலையில நேத்தே பண்ணிட்டோம்" என்றார் சீனு.

பாய் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மாவுக்கோ பரம திருப்தி. "இன்னாத்துக்குப்பா மன்னிப்பு? கூட்டம் இல்லாத முருகனக் காட்டன புண்ணியம் உனக்கு. அடுத்த வாட்டியும் தப்பா சொல்லு" என்றாள். பாய் அந்த வாரமே மாட்யூலைத் திருத்தினார். நட்சத்திரம் இரண்டு நாளில் விழுந்தால் இரண்டு நாளையும் காட்டும்படி செய்தார். விளக்கக் குறிப்பின் கடைசியில் தமிழில் ஒரு வரி சேர்த்தார்: "இந்தக் கணக்கும் மலையும் முரண்பட்டால், மலை சொல்வதே சரி."

நான் சொல்ல வந்தது வேறு ஒன்று.

எண்களுக்கு நம் ஊர் வழக்கப்படி, லட்சம் கோடி என்று பிரித்துக் கமா போடும் சிறு மாட்யூல் ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் யாரோ ஒருவர் எழுதியது. அதில் ஒரு பிழை இருந்தது. ஆசிரியரிடமிருந்து வெகுகாலமாக எந்தச் சத்தமும் இல்லை. நகல் எடுத்து நாமே வேறு பெயரில் வைத்துக்கொள்ளலாம் என்றேன் நான். சட்டப்படி அதில் தவறு எதுவும் கிடையாது. ஆனால் மாட்யூல்களைப் பராமரிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளில்லாத மாட்யூலை ஏற்பதற்கு முன் அதன் ஆசிரியருக்கு எழுதிக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாய் அதில் விடாப்பிடி.

"வூடு பூட்டிக் கெடக்குதுன்னா செவுரு ஏறிக் குதிச்சிடுவியா? கதவத் தட்டு. தட்டிட்டு நில்லு."

எழுதினார். வாரக்கணக்கில் நின்றார். ஒரு காலை ரயிலில் பதில் வந்தது. எழுதியிருந்தது ஆசிரியரின் மனைவி. அவர் காலமாகிவிட்டார், அவர் எழுதியதை யாரோ தேடி வந்து கேட்டதில் மகிழ்ச்சி, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. பாய் லேப்டாப்பை மூடிவிட்டுப் பேசின் பிரிட்ஜ் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அந்த மாட்யூலில் ஆசிரியர் பெயரை மேலேயே விட்டுவிட்டு, கீழே "பார்த்துக்கொள்பவர்: அன்வர்" என்று மட்டும் போட்டார். "அவருதுதான். நான் வாடகைக்கு இருக்கறவன்" என்றார்.

பாய் போன சில வாரங்களில் மலேசியாவிலிருந்து ஒருவர் பாயின் முகவரிக்கு எழுதியிருந்தார். கிருத்திகை மாட்யூலில் என் பெயரும் ஒரு மூலையில் இருந்ததால் எனக்கும் ஒரு பிரதி வந்தது. எங்கள் கோயில் சங்கம் உங்கள் கணக்கை வைத்துத்தான் கிருத்திகைப் பூஜையை அறிவிக்கிறது, பெர்லின் புதிய பதிப்பில் அதை நிறுவ முடியவில்லை, தயவுசெய்து பாருங்கள் ஐயா என்று இருந்தது. ஐயா என்ற அந்தச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பிழை சின்னதுதான், ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம். ஆனால் சரிசெய்ததை வெளியிட மாட்யூல் என் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று, மாட்யூல்கள் இருக்கும் பொதுத்தளத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு வரி எழுதினால் தந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், யார்மேல் என்று தெரியாமல் எரிந்து விழுந்தேன். கதவைத் தட்டாமல் எப்படிப் போவது?

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குத் திருத்தணி போயிருந்தேன். ஓதி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, கூடத்தில் உட்கார்ந்து போனில் பாய்க்கு ஒரு மெயில் எழுதினேன். "அன்வர் பாய், உங்கள் கிருத்திகையை நான் பார்த்துக்கொள்ளலாமா? பதிலுக்குக் காத்திருக்கிறேன். மணவூர்." அனுப்பினேன்.

உள் அறையில் மணி அடித்தது. ரயிலில் தினமும் கேட்ட அதே மணி.

ரஹமத் அவருடைய போனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சார்ஜ் போட்டே வைத்திருக்கிறாள். "உங்க பேரு வந்துகினு இருக்குதுக்கா" என்றாள்.

"ஆங். நான்தாம்மா எழுதனேன்."

"அவருக்கா?"

வழக்கத்தைச் சொன்னேன். ஐரோப்பாக்காரர் கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. பாய் அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லியிருக்கிறார். ரஹமத் என் பக்கத்தில் உட்கார்ந்து மெயிலை இரண்டு தடவை படித்தாள்.

"இதப் பாத்தா அவரு இன்னா சொல்லுவாரு?"

"டெஸ்ட் எழுதிட்டியான்னு கேப்பாரு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நானும் அழுதேன். நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

கிளம்பும்போது வாசலில் கேட்டாள். "எவ்ளோ நாளு நிப்பீங்கக்கா?"

"பதில் வர்ற வரைக்கும்."

இந்தப் பேச்செல்லாம் எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் நின்றேன். காலையில் மணவூரில் ஏறும்போது ஜன்னலோரம் காலியாக இருந்தால்கூட நான் உட்காருவதில்லை. முனிரத்தினம் அண்ணன் அந்த இடத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். பாய், எனக்கு உங்கள் மாட்யூல் வேண்டாம். அந்த இருக்கையில் பை வைக்கிற ஆள் வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்றால் இன்னும் எத்தனை கதவை வேண்டுமானாலும் தட்டுவேன்.

போன வாரம், வண்டி திருவள்ளூரைத் தாண்டும்போது என் போனில் மெயில் மணி அடித்தது. திரையில் "அன்வர்" என்று இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை நழுவிவிட்டது. திறந்தேன்.

"பாத்துக்குங்கக்கா. அவர் பேர மட்டும் எடுத்துடாதீங்க."

முனிரத்தினம் அண்ணன் எழுந்து என் தோளைப் பிடித்து ஜன்னலோரத்தில் உட்கார வைத்தார்.

மாட்யூல் இப்போது என்னிடம் இருக்கிறது. பிழையைத் திருத்திவிட்டேன், சோதனையும் எழுதிவிட்டேன். மலை சொல்வதே சரி என்ற வரியைத் தொடவில்லை. ஆசிரியர்: அன்வர், திருத்தணி. அதன் கீழே, பார்த்துக்கொள்பவர்: மணவூர். அந்த இடத்தில் என் சொந்தப் பெயரைத்தான் போட வேண்டும். ஆனால் அவர் என்னைக் கூப்பிட்ட பெயர் எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இனி என்னை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை.