அணில் அப்பா ஆற்றைக் கடக்கவில்லை

இந்த ஊரில் மின்சாரம் வந்தால் தெருவே கத்துகிறது. "மீ லா பீ!" என்று, வந்துவிட்டது என்ற பொருளில், வயதானவர்கள்கூட பால்கனிக்கு வந்து குரல் கொடுக்கிறார்கள். விருதுநகரில் மின்சாரம் போனால்தான் சத்தம் கேட்கும்; வந்தால் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். யாங்கோனுக்கு வந்த ஆறு ஆண்டுகளாக, அது வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் நாட்குறிப்பில் எழுதிவருகிறேன். சனிக்கிழமை மாலை 4.50-க்கு வந்தது, 5.01-க்குப் போனது. அந்தப் பதினொரு நிமிடங்களுக்குள் நான் ஒரு கார்ட்டூன் படத்தைக் கைபேசியில் இறக்கியாக வேண்டும். இறக்கிவிட்டேன். ஆனால் கைபேசியில் மூன்று சதவீதம்தான் சார்ஜ் இருந்தது.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தீபாவளிக் காலையில் தொலைக்காட்சியில் ஆண்டு தவறாமல் ஓர் அரைமணி நேரக் கார்ட்டூன் போடுவார்கள். அக்கரைக்கு வேலைக்குப் போன அணில் அப்பா, வெள்ளத்தில் பாலம் உடைந்துபோக, வாழைமட்டையைப் பிடித்து மிதந்து, குட்டிக்கு எண்ணெய் வைக்கிற நேரத்துக்குச் சரியாக வீடு சேரும். என் மகள் யாழினிக்குப் பத்து வயது. அவளும் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவள்தான். இப்போது அதைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். மூன்று நாட்களாக எங்கள் குடும்பக் குழுவில் வேறு பேச்சில்லை. "வால்ல ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது. மூஞ்சி மட்டும் கீரிப்பிள்ளை" என்று மைத்துனர் எழுதினார். "முடிவையே மாத்திட்டான். எடுத்தவன் வீட்ல நல்ல நாள் பெரிய நாளே கிடையாதா?" என்று கேட்டாள் என் தங்கை. மனைவி எனக்குத் தனியாக எழுதினாள்: "அதுல அப்பா வரல. யாழு இன்னிக்கு சாயங்காலம் பாக்கப் போறா. நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்."

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாட்கள். வருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன், வரப்போவதில்லை. நான் வேலை செய்யும் ஏற்றுமதிக் கிடங்கில், என்னைப் போலவே உளுந்தைச் சோதித்துக் கையெழுத்திடும் இன்னொருவர் வேலையை விட்டுவிட்டார். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. விடுப்புக் கடிதத்தை நானாகவே திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் இல்லாமல் ஒரு மூட்டை தவறாகப் போய்விட்டால் என்ற நினைப்புதான் காரணம். மகளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நாட்குறிப்பில் நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் பேட்டரி உண்டு. அந்த அம்மாள் தெருவுக்குப் பர்மியப் பெயரில் டாவ் மியா, வீட்டுக்குள் மாரியம்மா. துறைமுக வேலைக்கு வந்த தமிழர்களின் வழி. என்னை மரியாதையாகச் 'சயா' என்பார். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையிலேயே, பூண்டு உரித்தபடி என்னோடு உட்கார்ந்து படத்தையும் பார்த்தார். அணில் அப்பா வெள்ளத்தின் கரையில் நின்றதும் அவர் கை நின்றது. "போவாதேன்னு சொல்லுங்க சயா அதுக்கிட்ட!" அணில் திரும்பி மரத்தில் ஏறியது. இக்கரையில் குட்டி தனியே விளக்கேற்றியது. நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். அவரோ கைதட்டினார். "நல்ல படம்!"

பழைய படத்தில் அப்பா வந்துவிடும் என்றேன். "அடப்பாவமே. வந்துச்சா? பொறவு எப்புடித் திரும்பிப் போச்சு?"

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்க்கும் படம். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அவர் மகனுக்கு இருபத்திரண்டு வயது. பேங்காக்கில் ஓர் உணவகத்தில் வேலை. சென்ற வாரம் இங்கே தடிஞ்சுட் விளக்குத் திருநாள். பிள்ளைகள் வீடு வந்து பெற்றோரை வணங்கும் நாள். "வர்றேங்கிறான். வராதேன்னுட்டேன். இங்க வந்தா பட்டாளத்துக்குப் புடிச்சிருவாங்களோ, மறுபடி வெளிய விடுவாங்களோ என்னமோ. போன்லயே கும்பிடுடான்னேன். பெத்தவளே வராதேங்குறாளேன்னு அழுவுறான், மடப்பய" என்று சிரித்தார். நான் பூண்டுத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5.52-க்கு யாழினி அழைத்தாள். அவளுக்கு 4.52.

"ப்பா, புதுசப் பாத்துட்டேன். அந்த அப்பா வரவே இல்ல. மாமா மோசமான படம்ங்கிறாங்க. நீங்க வந்திருவீங்கள்ல?"

"இந்தத் தீபாவளிக்கு வரல, கண்ணு."

எழுதி அடித்த நான்கு வாக்கியங்களில் இது இல்லை. டாவ் மியா தலையாட்டுவார் என்று நினைத்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் சயா? அணிலுக்கு வெள்ளம். எம்புள்ளைக்கு பயம். ஒங்களுக்குப் பாஸ்போட்டு இருக்கு, ஏரோப்ளேன் இருக்கு. ஒங்களுக்கு என்னா?"

"யாருப்பா அது? அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள் மகள்.

"கிடங்குல உளுந்து இருக்கு" என்றேன்.

கைபேசியைக் காதில் வைக்கவும் முடியாமல், அந்த அம்மாளிடம் நீட்டவும் முடியாமல், நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.